மேற்கெல்லைக்காரன்

பார்க் வாசலில் ஒரு கருங்கல் நிற்கிறதே, படித்தீர்களா? படிக்கவில்லை என்றால் நல்லது. படித்துவிட்டு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, "ஸார்தான் அதுவா?" என்று கேட்கிறார்கள். அதனால் முதலில் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கல்லைப் பிறகு படிக்கலாம். கல் எங்கும் போகாது. உங்கள் பாபநாசம் பஸ்ஸும் இப்போதைக்கு வராது. ஐந்தேகால் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு முன்னால் நான் அதைப் பார்த்ததில்லை. தினமும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பஸ்ஸுக்கு இல்லை. சும்மாதான். நாலரைக்கு வருவேன், ஏழு மணிக்குப் போவேன்.

என் பெயர் ஆவுடைநாயகம். இந்தக் கடம்பன்குளம் தபாலாபீஸ் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் இருந்தேன். இதோ, நமக்கு எதிரே இருக்கிற பார்க்குக்கு அப்போதெல்லாம் ரேடியோ பார்க் என்று பெயர். நடுவில் ஒரு மேடை, மேடையில் கூண்டு, கூண்டுக்குள் நகராட்சி ரேடியோ. சாயங்காலம் ஊரே வந்து புல்லில் உட்கார்ந்து செய்தி கேட்கும். பிறகு ரேடியோ போயிற்று, புல்லும் போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர். நம்ம தோட்டம். என் தாத்தா சிவசைலம் பிள்ளை கொடுத்த இடம் அது. நகரசபைக்காரர்கள் வந்து, ஜனங்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று கைகட்டி நின்றார்களாம். தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாராம். தடவி முடிப்பதற்குள் ஒன்றே முக்கால் ஏக்கரை எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதோடு விடவில்லை. கொடுத்த பிறகு சாகிற வரைக்கும் அந்த இடத்தில் அவர் கால் வைத்ததே கிடையாது. கொடுத்தவன் போய் நின்றால் வாங்கியவனுக்குக் கூச்சமாக இருக்குமாம். அவ்வளவு பெருந்தன்மை. இதை என் அப்பா எனக்குச் சொன்னார். நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெங்களூரில் இருக்கிறார்கள், அங்கே யாரிடம் போய்ச் சொல்வார்கள்.

தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பிரமநாயகம், என் பெரியப்பா. இளையவர் உலகநாதன், என் அப்பா. பெரியப்பாவுக்கு ஒரே மகன், குற்றாலிங்கம். என்னைவிடப் பத்து மாதம் மூத்தவன். பத்து மாதம்தான். அவன் நடந்துகொள்வதைப் பார்த்தால் பத்துத் தலைமுறை மூத்தவன் என்று நினைப்பீர்கள். ஹைஸ்கூலில் டிரில் வாத்தியாராக இருந்தவன். ரிட்டையர் ஆன அன்று விசிலைக் கழற்றிக் கொடுத்தான், சத்தத்தைக் கொடுக்கவில்லை. அதோ, கேட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை வாசலில் நீல நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கிறானே, அவன்தான். திரும்பிப் பார்க்காதீர்கள். அவனைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வான்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. முகத்துக்கு நேரே அண்ணே என்றுதான் சொல்வேன். அவசியமில்லாமல் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இரண்டு பேரும் இதே பார்க்கில்தான் முப்பது வருஷமாக நடந்தோம். அவனோடு சேர்ந்து நடக்கிற மாதிரி ஆகிவிடக்கூடாதே என்று நான் எதிர்த் திசையில் நடந்தேன். எதிர்த் திசையில் நடந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பழகிவிட்டது. அவனும் திசையை மாற்றிக்கொள்ளவில்லை. மூத்தவனாம், நான்தான் மாற்ற வேண்டுமாம்.

போன வருஷம் நகராட்சி பார்க்கைப் புதுப்பிக்கிறேன் என்று ஆரம்பித்தது. புது நடைபாதை, புது பெஞ்சு, வாசலில் ஒரு வளைவு. வளைவில் நிலம் கொடுத்தவர் பெயரைப் போடுவார்களாம். ஆதாரம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் மனுக் கொடுக்கலாம், இல்லையென்றால் மல்லிகைப் பூங்கா என்று போட்டுவிடுவோம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸ் பசை காயவில்லை, குற்றாலிங்கம் மனுக் கொடுத்துவிட்டான். என்ன பெயர் தெரியுமா? பிரமநாயகம் பிள்ளை பூங்கா. தாத்தா பெயர்கூட இல்லை. அந்த நிலம் மூத்த மகன் பங்குக்கு வர வேண்டியது, மூத்த மகன் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தார், ஆகவே தானம் அவருடையது என்று எழுதியிருந்தான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் அப்பா பெயரைப் போட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. ஆதாரம் அப்படிச் சொன்னால் மறுக்க மாட்டேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொய் ஊர் நடுவில் பன்னிரண்டடி உயரத்தில் நிற்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி பகவதி, "தோட்டமே ஊருக்குப் போயாச்சு. பேருக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்றாள். அவளுக்குச் சரித்திரம் தெரியாது.

சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எழுபத்தைந்துக்குப் பிறகுதான் இருக்கிறது. அதற்கு முன்னால் என்றால் மனுப் போட்டு, பழைய புத்தகங்களில் பெயரைக் கொடுத்து, வருஷம் வருஷமாகத் தேட வேண்டும். அங்கே ரெஜினா என்று ஓர் அம்மாள். நல்ல மாதிரி. தாத்தா பெயரைக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. கூப்பிட்டாள்.

"ஸார், உங்க தாத்தா முப்பத்தொரு இடம் கிரயம் வாங்கியிருக்காங்க. எட்டு இடம் அடமானத்துல எடுத்திருக்காங்க. மூணு இடம் கோர்ட் ஏலத்துல எடுத்திருக்காங்க."

"கொடுத்தது?"

"குடுத்ததுன்னு ஒண்ணும் வரல ஸார்."

"தர்மம் செய்கிறவர்கள் அதைப் பதிவு செய்துகொண்டா இருப்பார்கள்?" என்றேன்.

"பதியாமக் குடுத்தா நகரசபை எப்படி ஸார் வாங்கும்?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை மூடினாள். "தாத்தாவை வெச்சுத் தேடாதீங்க ஸார். சர்வே நம்பரை வெச்சுத் தேடுங்க."

சொன்னபடி சர்வே நம்பரைக் கொடுத்தேன். நான்கு நாளில் கிடைத்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. தான சாசனம். எழுதிக் கொடுத்தவர் குழல்வாய்மொழி அம்மாள். தகப்பனார் பெயர் ஆறுமுகம் பிள்ளை.

ஆறுமுகம் பிள்ளை யார்? என் தாத்தாவின் அப்பா. அப்படியென்றால் இந்த அம்மாள் யார்? தாத்தாவின் தங்கை. தாத்தாவுக்கு ஒரு தங்கை உண்டு, சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள், காசிக்குப் போனாள், அங்கேயே காலமாகிவிட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பத்திரத்தில் விலாசம் போட்டிருக்கிறது. மேலத்தெரு, அரிசி மில்லுக்கு வடபுறம். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. விலாச விஷயத்தில் நான் தப்புப் பண்ண மாட்டேன், முப்பத்தாறு வருஷம் அதுதான் வேலை. எங்கள் வீட்டில் காசி என்று சொன்னது மேலத்தெருவைத்தான் போலிருக்கிறது.

நிலம் அவளுக்கு மஞ்சள்காணியாக வந்தது. கல்யாணத்தின்போது தகப்பனார் மகளுக்கென்று எழுதி வைக்கிற நிலம். தாத்தாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரியப்பாவுக்கு அங்கே ஒரு புல்கூட இல்லை. ரெஜினா அம்மாள் முன்னால் நான் சிரித்துவிட்டேன். மூத்தவர் பங்காம். விட்டுக்கொடுத்தாராம்.

பிறகுதான் எல்லை விவரத்துக்கு வந்தேன். பத்திரம் என்றால் நான்கு பக்கத்துக்கும் எல்லை எழுதுவார்கள். கிழக்கே வாய்க்கால். தெற்கே வண்டிப்பாதை. வடக்கே கோயில் நந்தவனம். மேற்கே, எனக்கு மனப்பாடம், அப்படியே சொல்கிறேன்: 'என் உடன்பிறந்த தமையன் சிவசைலம் பிள்ளை வெறும் தாளில் என் கைநாட்டு வாங்கி அபகரித்து நாளது வரை வெட்கமின்றி அனுபவித்து வரும் என்னுடைய நிலம்.'

பத்திரத்தில் எல்லை சொல்லும்போது குணம் சொல்வது வழக்கமில்லை. எழுதிய ஆள் எப்படி எழுதினான், சார்பதிவாளர் எப்படிப் பதிந்தார் என்று தெரியவில்லை. அந்த அம்மாள் எதிரே நின்று எழுத வைத்திருக்கிறாள். மேற்கு என்றால் இந்தப் பக்கம்தான். இந்த பஸ் நிறுத்தம், பின்னால் இருக்கிற கடைகள், அதற்குப் பின்னால் எங்கள் இரண்டு வீடுகள். அது அந்தக் காலத்து அண்ணன் தங்கை சமாசாரம். அதையெல்லாம் இப்போது கிளறிக்கொண்டிருக்க முடியாது. நான் தேடியது பார்க்கைத்தான்.

அதற்குக் கீழேதான் நிபந்தனை. 'மேற்படி சிவசைலம் பிள்ளையும் அவருடைய ஆண் வாரிசுகளும் எக்காலத்தும் இந்தத் தோட்டத்தில் கால் வைக்கக்கூடாது. அந்த வீட்டில் பிறந்த பெண்களும் வாழ வந்த பெண்களும் தாராளமாக வந்து உட்கார்ந்து போகலாம். அவர்களுக்கு அது தேவைப்படும்.'

கடைசி வரி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவும் இல்லை. என் கண் முன்னால் இருந்தது ஒன்றுதான். குற்றாலிங்கம் வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு பார்க்குக்கு வருகிறான். வாட்ச்மேன் கையை நீட்டி நிறுத்துகிறான். அதை நினைக்க நினைக்க எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

நகல் வாங்கினேன். மேற்கெல்லைக்கும் நிபந்தனைக்கும் சிவப்பு மையில் கோடு போட்டேன். கூட ஒரு கடிதம் எழுதினேன். சத்தியம் வெளிவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமில்லை என்று ஆரம்பித்து, 'இங்ஙனம், சிவசைலம் பிள்ளையின் உண்மையான வாரிசு, ஆவுடைநாயகம்' என்று முடித்தேன். குற்றாலிங்கத்தின் மனுவுக்கு அது சரியான பதில் என்று பட்டது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகராட்சி ஆபீஸ் தபாலாபீஸுக்கு நேர் எதிர்தான். நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் தபாலில் போனால்தான் ஒரு கௌரவம்.

மத்தியானம் பகவதிக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நிபந்தனை வந்ததும் கை நின்றது.

"உங்க அண்ணனுக்குத் தடைன்னா, அப்ப உங்களுக்கு?"

நான் யோசிக்காமல் இருந்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? யோசித்தேன். கொஞ்சம் பிந்தி யோசித்தேன், அவ்வளவுதான்.

அனுப்பிய தபாலைத் திருப்பி வாங்க ஒரு படிவம் இருக்கிறது. முப்பத்தாறு வருஷத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அவசரப்பட்டுக் காதல் கடிதம் போட்ட பையன்கள், கோபத்தில் ராஜிநாமா போட்ட குமாஸ்தாக்கள். அன்றைக்கு நானே போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவள் என்னிடம் வேலை கற்றவள். "காலையிலேயே டெலிவரி ஆயிட்டே ஸார்" என்று ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினாள். "எதிர் ஆபீஸ்தானே, உங்க தபால்னு நானே கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றாள்.

நகராட்சி ஆணையாளர் சின்னப் பெண். கூப்பிட்டு அனுப்பி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"அருமையான ஆவணம் ஐயா. சொந்தக் குடும்பத்தைப் பத்தி இப்படி ஒண்ணை யாரும் கொண்டுவந்து குடுக்க மாட்டாங்க. பெரிய மனசு."

அதை நான் மறுக்கவில்லை.

"வளைவுல அந்த அம்மா பேரு. வாசல்ல பத்திரத்தை அப்படியே கல்லுல வெட்டி வைக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

"முழுசாவாம்மா?"

"முழுசாத்தான்."

"எல்லை விவரமெல்லாம் ஜனங்களுக்கு எதுக்கு? சர்வே நம்பர் போட்டாப் போதாதா?"

"நீங்கதானே ஐயா சிவப்பு மையில கோடு போட்டிருக்கீங்க. நாங்க கவனிக்காமப் போயிருப்போம்."

திறப்பு விழா நெருங்க நெருங்க நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கல்லில் என்ன எழுதியிருந்தால் என்ன? திருநாள் கூட்டம் மாதிரி ஜனம் வரும். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட வேண்டியது. முதல் நாள் போய்விட்டால் அதுவே பழக்கமாகிவிடும். அன்று கூட்டமும் இருந்தது. மேளம் அடித்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். நான் நைசாக ஒரு வாழைமரத்தை ஒட்டி நகர்ந்து, கேட்டில் வலது காலை வைத்துவிட்டேன்.

பின்னாலிருந்து அந்த டிரில் குரல்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

குற்றாலிங்கம் கல்லுக்குப் பக்கத்தில் அட்டென்ஷனில் நிற்கிறான். மேளம் நின்றுவிட்டது.

"நான் சிவசைலம் பிள்ளையோட மூத்த பேரன். அவங்க ரத்தம். எங்க பாட்டி போட்ட கட்டளைப்படி எனக்கு இதுக்குள்ள கால் வைக்க உரிமை கிடையாது. உசிரு இருக்கிற வரைக்கும் வைக்க மாட்டேன்."

ஜனங்கள் கை தட்டினார்கள். ஆணையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சால்வையை, எனக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வையை, அவன் தோளில் போர்த்தினார்கள். அப்புறம் என்னைப் பார்த்தான். என் வலது கால் உள்ளே, இடது கால் வெளியே.

"நீ போடே தம்பி. தாராளமாப் போ. தடை வாரிசுக்குத்தானே. உனக்கென்ன வந்தது?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் காலை எடுத்தேன். எடுத்து, செருப்பைத் தரையில் தேய்த்துத் துடைத்து, நானும் வாரிசுதான் என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. அவன் சொல்லி முடித்த பிறகு சொன்னால் அப்படித்தான்.

அன்றிலிருந்து இப்படி. அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வாட்ச்மேன் செல்லத்துரை வந்து கெஞ்சிப் பார்த்தான். "யாரு அண்ணாச்சி கேக்கப் போறா? ரெண்டு பேரும் உள்ள வாங்க. நான் வேணா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுதேன்." அவனுக்கு விஷயம் புரியவில்லை. நான் ஓர் எட்டு உள்ளே வைத்தால் குற்றாலிங்கம் அன்றைக்கே நகராட்சிக்கு எழுதுவான், ஆவுடைநாயகம் பூங்காவில் பிரவேசித்துவிட்டார், ஆகவே அவர் சிவசைலம் பிள்ளையின் வாரிசு அல்ல என்று. அவன் உள்ளே போனால் நான் எழுதுவேன். கவர், தபால்தலை எல்லாம் வாங்கி ஒட்டி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே ஊருக்குள் சொல்லிக்கொண்டு திரிகிறான், நான் ஒரு கால் வைத்தவன், அதனால் அரை வாரிசு என்று.

டாக்டர் சர்க்கரை ஏறியிருக்கிறது, நடங்கள் என்கிறார். ரோட்டில் நடக்கலாம்தான். அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால்? யார் பார்ப்பது? அவனும் அதனால்தான் உட்கார்ந்திருக்கிறான். தொந்தி போட்டுவிட்டது பாருங்கள். பார்க்காதீர்கள்.

ஒரு வருத்தம்தான். அதோ, கொன்றை மரத்துக்குக் கீழே இரண்டு பேர் வருகிறார்களே, ஊதாச் சேலை பகவதி. பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு வருகிறது சண்முகவடிவு மதினி, அவன் மனைவி. எங்களால் இருபத்திரண்டு வருஷம் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசியதில்லை. ஒரு கல்யாண வீட்டில்கூட ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. இப்போது தினமும் ஐந்து மணிக்கு உள்ளே போனால் இருட்டினால்தான் வருகிறார்கள். அடுப்பு அதற்குப் பிறகுதான் எரிகிறது. கேட்டால், பத்திரத்திலேயே இருக்கிறதே என்கிறாள்.

அது போகட்டும். காற்று வாங்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்காருவார்கள். உட்கார்ந்து முதலில் இந்தப் பக்கம் பார்ப்பார்கள். பிறகு டீக்கடைப் பக்கம் பார்ப்பார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தால் நிற்காது. முந்தாநாள் மதினிக்குப் புரையேறி, பகவதி தலையில் தட்டினாள். வீட்டில் என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை, சும்மாதான் என்கிறாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

உங்களுக்குத் தடை ஏதும் இல்லையே. ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்களேன். பஸ் வந்தால் நான் நிறுத்தி வைக்கிறேன், டிரைவர் தெரிந்தவன்தான். மேடைக்குப் பின்னால் போய்ச் சும்மா ஓரமாக நில்லுங்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வந்து சொல்லுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

திரும்பி வரும்போது நேராக இங்கே வந்துவிடுங்கள், டீக்கடைப் பக்கம் நிற்காதீர்கள். அவனும் உங்களிடம் இதையேதான் கேட்பான்.